தனியார் மருத்துவக் காப்பீடு மொத்தமும் ஏமாற்றா? எல்லாவற்றையும் அரசே எடுத்துக்கொண்டால் சரியாகிவிடுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். உங்கள் அப்பாவுக்கு 63 வயது. தனியார் கம்பெனி ஒன்றில் நான்கு வருடம் முடிந்து ஐந்தாவது வருடமாகப் பாலிசி ஓடுகிறது, ஒரு பிரீமியமும் தவறியதில்லை. திடீரென்று நெஞ்சுவலி, ஆஞ்சியோ, ஸ்டென்ட். கேஷ்லெஸ் (கம்பெனியே மருத்துவமனைக்கு நேராகப் பணம் கட்டும் முறை) கேட்டபோது முதலில் க்வெரி, அதாவது கூடுதல் விளக்கம் கேட்கும் கேள்வி, போட்டார்கள், அப்புறம் மறுத்தார்கள். கையிலிருந்து பில்லைக் கட்டிவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்டபோது அதையும் மறுத்துவிட்டார்கள். ‘ஆறு வருடமாக ரத்த அழுத்தம்’ என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும் ஒரு வரிதான் காரணம். பாலிசி எடுக்கும்போது அதை மறைத்தீர்கள் என்கிறார்கள். ‘தனியார் காப்பீடு என்பதே மறுப்பதற்காக நடத்தும் தொழில்தானே? இவர்களை மூடிவிட்டு முதலமைச்சர் காப்பீட்டை எல்லாருக்கும் கொடுத்தால் என்ன?’ என்று முடித்திருக்கிறீர்கள்.

இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அப்பாவின் பணம் கிடைக்குமா, கம்பெனிகள் வேண்டுமென்றே மறுக்கின்றனவா, அரசு நடத்தினால் மறுப்பு நின்றுவிடுமா. முதல் கேள்விக்கு ஓரளவு உறுதியாகவே பதில் சொல்லலாம். இரண்டாவதுக்கு உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். மூன்றாவதில் எனக்குக் கருத்து உண்டு, நிரூபணம் கிடையாது.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டுச் சென்னையில் ஒரு டி.பி.ஏ.வில் கிளெய்ம் பார்க்கும் டாக்டராகப் பல வருடம் இருந்தேன். டி.பி.ஏ. என்பது இன்சூரன்ஸ் கம்பெனிக்காகக் கோப்புகளைச் சரிபார்க்கும் இடைநிலை நிறுவனம். பிறகு எதிர்ப்பக்கம் போய், கோவையில் ஒரு மருத்துவமனையின் இன்சூரன்ஸ் டெஸ்க்கைக் கவனித்துக்கொண்டேன். நான் வக்கீல் இல்லை. பிரீமியக் கணக்குப் போடும் ஆக்சுவரியும் இல்லை.

முதலில் அப்பா விஷயம். காத்திருப்புக் காலம் வேறு, தகவலை மறைத்தல் வேறு. இரண்டையும் கம்பெனிக்காரர்களே கடிதத்தில் குழப்பி எழுதுவார்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பாலிசியில் ஒரு காத்திருப்புக் காலம் உண்டு. முன்பு அது அதிகபட்சம் 48 மாதமாக இருந்தது. 2024 ஏப்ரலில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அதை 36 மாதமாகக் குறைத்தது. ஐந்தாவது வருடத்தில் இருக்கும் அப்பாவுக்கு எப்படிக் கணக்குப் போட்டாலும் அந்தக் காலம் முடிந்துவிட்டது. ஆனால் அவர்கள் சொல்லும் காரணம் அது இல்லை. விண்ணப்பத்தில் உண்மையைச் சொல்லவில்லை, ஆகவே ஒப்பந்தமே செல்லாது என்பதுதான் அவர்கள் வாதம். இதற்கு எதிராக இருக்கும் பாதுகாப்பு மொரட்டோரியம். தொடர்ச்சியாக 60 மாதம் பாலிசி ஓடிவிட்டால், நிரூபிக்கப்பட்ட மோசடி தவிர வேறு எதற்காகவும் பழைய விண்ணப்பத்தைத் தோண்டக்கூடாது. அதுவும் 2024 வரை எட்டு வருடமாக இருந்தது. அப்பா அந்தக் கோட்டுக்குச் சில மாதம் முன்னால் நிற்கிறார். அதனால் அந்தக் கதவு இப்போதைக்குத் திறக்காது.

வேறு கதவுகள் உண்டு. அந்த ‘ஆறு வருடம்’ எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அட்மிஷன் இரவில் டியூட்டி டாக்டர் கேட்டிருப்பார், பதற்றத்தில் இருந்த வீட்டார் யாரோ ‘அஞ்சாறு வருஷமா இருக்கு’ என்று சொல்லியிருப்பார்கள், அவர் ஆறு என்று எழுதியிருப்பார். நான் பார்த்த மறுப்புகளில் பெரும் பங்கு இப்படி ஒரு வரியில் தொங்கியவை. பாலிசி தொடங்கிய தேதிக்கு முன்னால் எழுதிய மருந்துச் சீட்டோ ரத்த அழுத்தக் குறிப்போ கம்பெனியிடம் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் முதன்முதலில் மாத்திரை ஆரம்பித்த சீட்டு இருந்தால் அதன் நகலை வாங்குங்கள். பாலிசிக்குப் பிறகுதான் ஆரம்பித்தது என்று அது காட்டினால் உங்கள் பக்கம் மிகவும் பலமாகிவிடும். சிகிச்சைக்குப் பிறகு மருத்துவமனை தரும் ‘தவறுதலாக எழுதிவிட்டோம்’ கடிதத்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள். கிளெய்ம் டாக்டர்கள் அதைச் சந்தேகத்தோடுதான் படிப்பார்கள். நானும் அப்படித்தான் படித்தேன்.

உண்மையிலேயே ஆறு வருடமாக இருந்திருந்தால்? அப்போதும் வழி மூடிவிடவில்லை, ஆனால் முடிவை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. உச்ச நீதிமன்றமே இரண்டு திசையிலும் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. 2009இல் சத்வந்த் கௌர் சந்து வழக்கில், நாள்பட்ட சர்க்கரை நோயையும் சிறுநீரகப் பாதிப்பையும் சொல்லாமல் மெடிகிளெய்ம் எடுத்தவருக்கு எதிராக, கம்பெனி மறுத்தது சரி என்றது. 2021 டிசம்பரில் மன்மோகன் நந்தா வழக்கில், அமெரிக்கப் பயணத்துக்குப் பாலிசி எடுத்து, சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் மாரடைப்பு வந்தவருக்கு ஆதரவாகத் தீர்ப்பு வந்தது. சர்க்கரை இருப்பதை அவர் சொல்லியிருந்தார், மருத்துவப் பரிசோதனையும் நடந்திருந்தது. எல்லாம் தெரிந்தும் பாலிசி கொடுத்துவிட்டு அதே உடல்நிலையைக் காட்டி மறுக்கக் கூடாது என்றது நீதிமன்றம். உங்கள் அப்பா இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார். ‘ரத்த அழுத்தத்தைச் சொல்லியிருந்தாலும் பாலிசி கொடுத்திருப்பீர்கள், காத்திருப்புக் காலமும் இப்போது முடிந்திருக்கும், அப்படியானால் உங்களுக்கு என்ன நஷ்டம்?’ என்ற வாதத்தை முன்வையுங்கள். சில இடங்களில் இது எடுபட்டிருக்கிறது, சில இடங்களில் இல்லை.

இந்த இரண்டு வழக்குகளிலும் எதிர்த் தரப்பு யார் தெரியுமா? நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா. இரண்டுமே அரசுக் கம்பெனிகள். மறுப்பு என்பது தனியாரின் தனிச்சொத்து இல்லை என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

நடைமுறை இதுதான். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். பாலிசியின் எந்த விதிப்படி மறுத்தார்கள், கிளெய்ம் மறுஆய்வுக் குழு அந்த மறுப்புக்கு ஒப்புதல் கொடுத்ததா என்று கேளுங்கள். அந்தக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் மறுக்கக் கூடாது என்பது 2024 மே மாத விதி. ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலும் சென்னையிலுள்ள காப்பீட்டு ஓம்பட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்பவர்) போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க அனுமதியும் கிடையாது. 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. பிடிக்காவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் ஓம்பட்ஸ்மேனிடம் போய்விட வேண்டும், அதைத் தவறவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி இரண்டாவது கேள்வி. மறுத்தால் போனஸ் என்று ஏதாவது உண்டா என்று என்னிடம் கேட்காத உறவினர் இல்லை. நான் இருந்த இடத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் அதைவிடச் சத்தமில்லாமல் வேலை செய்யும் ஒன்று இருந்தது. பாஸ் செய்த கிளெய்ம்களைக் கம்பெனி பிறகு எடுத்து ஆடிட் செய்யும். ‘லீக்கேஜ்’ என்று பெயர். கொடுத்திருக்கக் கூடாத இரண்டாயிரம் ரூபாயைக் கொடுத்துவிட்டால் யார் கொடுத்தது என்று கேள்வி வரும். கொடுத்திருக்க வேண்டிய இரண்டு லட்சத்தை மறுத்துவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள், பாலிசிதாரர் சண்டை போட்டால் ஒழிய. பெரும்பாலானவர்கள் சண்டை போடுவதில்லை. இந்த ஒருபக்கச் சோதனையில் உட்கார்ந்திருக்கும் சம்பளக்காரர் எந்தப் பக்கம் சாய்வார் என்று நான் சொல்லத் தேவையில்லை. அவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இதைவிட ஆழமான கோளாறு விற்கும் இடத்தில் இருக்கிறது. என் பார்வையில் மக்களின் அவநம்பிக்கைக்கு வேர் இங்கேதான். முன்பெல்லாம் ஐம்பது வயதைத் தாண்டியவர் பாலிசி கேட்டால் ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்வது வழக்கம். அது செலவு, தாமதம். வாடிக்கையாளர் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். இப்போது பல பாலிசிகள் போனில் பத்து நிமிடக் கேள்வியோடு முடிந்துவிடுகின்றன. ‘பி.பி., சுகர் ஏதும் இல்லையே சார்?’ என்று இல்லை என்கிற பதிலை எதிர்பார்த்தே கேட்பார்கள். ஏஜென்டோ பேங்க் ஊழியரோ ஃபார்மை நிரப்புவார், உங்கள் மொபைலுக்கு ஓ.டி.பி. வரும், சொல்லுவீர்கள், அதுதான் கையெழுத்து. விற்கும் நாளில் கேட்க வேண்டிய கேள்வியைக் கிளெய்ம் நாளில் கேட்கிறார்கள். நான்கு வருடம் பிரீமியம் வாங்கும்போது யாரும் அப்பாவின் ரத்த அழுத்தத்தைத் தேடவில்லை. பில் வந்த பிறகு இன்வெஸ்டிகேட்டர் மருந்துக்கடை வரைக்கும் போய் விசாரிக்கிறார். சட்டப்படி இதில் தப்பில்லை என்று கம்பெனி வாதிடலாம். ஆனால் நேர்மையாக ஃபார்ம் நிரப்பியவருக்கும் இல்லாதவருக்கும் பாலிசி எடுக்கும் அன்று ஒரே மாதிரிப் பத்திரம்தான் கையில் வருகிறது. தன் பத்திரம் எந்த வகை என்று ஐ.சி.யு. வாசலில்தான் ஒருவருக்குத் தெரியவரும் என்றால் ஊரே சந்தேகப்படுவதில் ஆச்சரியம் என்ன?

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். தேவையில்லாத அட்மிஷன், பெரிதாக்கிய பில், வீட்டில் இருந்தவருக்கு மூன்று நாள் டெங்கு சிகிச்சை என்று கேஸ் ஷீட், எல்லாம் என் கண்ணால் பார்த்தவை. ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அதற்கான விலையை ஒழுங்காக இருப்பவர்கள் பிரீமியத்தில் கொடுக்கிறார்கள். ஆனால் கம்பெனிகள் ‘மோசடி’ என்ற தலைப்பில் சேர்க்கும் எல்லாமே மோசடி இல்லை. மறதியும் அவசரமும் அதே கூடையில்தான் போய் விழுகின்றன.

எண்களுக்கு வருவோம். ‘98 சதவீதம் கிளெய்ம் கொடுத்துவிட்டோம்’ என்ற விளம்பரமும், ‘பாதிக்கு மேல் மறுக்கிறார்கள்’ என்ற வாட்ஸ்அப் செய்தியும் இரண்டுமே உதவாதவை. ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2023-24 ஆண்டறிக்கைப்படி, எண்ணிக்கையில் பார்த்தால் நூற்றுக்குச் சுமார் 83 கிளெய்ம்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டது, 11 மறுக்கப்பட்டன, மீதி நிலுவை. ஆனால் தொகையில் பாருங்கள். வந்த கிளெய்ம்களின் மொத்தம் சுமார் 1.17 லட்சம் கோடி ரூபாய். கொடுத்தது சுமார் 83,500 கோடி, அதாவது 71 சதவீதம். ஏறத்தாழ 9 சதவீதம் மறுப்பு. இதற்கு மேல் கிட்டத்தட்ட 13 சதவீதம், 15,100 கோடி ரூபாய், ‘பாலிசி விதிப்படி அனுமதிக்கப்படவில்லை’ என்ற கணக்கில் போயிருக்கிறது. 83க்கும் 71க்கும் இடையில் இருக்கும் பள்ளத்தைத்தான் ஜனங்கள் ஏமாற்று என்று உணர்கிறார்கள் என்று நினைக்கிறேன். கிளெய்ம் ‘செட்டில்’ ஆகியிருக்கும், கையில் வந்தது பாதியாக இருக்கும். இந்த எண்களில் ஐ.டி. கம்பெனி மாதிரி இடங்கள் ஊழியர்களுக்கு மொத்தமாக எடுக்கும் குரூப் பாலிசிகளும் அடக்கம். அவற்றில் பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே காப்பு இருப்பது வழக்கம் என்பதால் மறுப்புக்கு அதிக இடமில்லை. ஆகவே சொந்தமாகப் பாலிசி எடுத்தவரின் அனுபவம் இந்தச் சராசரியைவிட மோசமாக இருக்கும் என்பது என் ஊகம், ஊகம் மட்டுமே.

அந்தப் பாதி எப்படிப் போகிறது என்பதற்கு ரூம் ரென்ட் நல்ல உதாரணம். பாலிசியில் நாளுக்கு 5,000 ரூபாய் வரை அறை வாடகை என்று இருக்கும். ‘வேறு ரூம் காலி இல்லை சார்’ என்று 10,000 ரூபாய் அறை கொடுப்பார்கள். வாடகை வித்தியாசத்தை மட்டும் கட்டினால் போதும் என்று குடும்பம் நினைக்கும். ஆனால் சர்ஜன் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாமே அதே விகிதத்தில் பாதியாக வெட்டப்படும், ஏனென்றால் மருத்துவமனை அறையின் தரத்தை வைத்துத்தான் இவற்றுக்கு விலை போடுகிறது. மருந்து, ஸ்டென்ட் போன்ற உள்வைப்புச் சாதனங்கள், பரிசோதனைகள், ஐ.சி.யு. கட்டணம் ஆகியவற்றில் இப்படி விகிதக் கழிவு போடக்கூடாது என்று 2020இல் விதி வந்துவிட்டது. இதைத் தெரிந்துகொண்டு செட்டில்மென்ட் கடிதத்தை வரி வரியாகப் பார்ப்பவர்களுக்கு அவ்வப்போது பணம் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது யோசியுங்கள். ஒரே ஆபரேஷன், அதே சர்ஜன், அதே தியேட்டர். கட்டில் இருக்கும் அறை மாறினால் சர்ஜன் கட்டணம் ஏன் மாறுகிறது? உங்கள் கேள்வியில் மருத்துவமனை என்ற பெயரே வரவில்லை. வரவேற்பில் ‘இன்சூரன்ஸ் இருக்கா?’ என்று கேட்ட பிறகு பில்லின் போக்கு மாறும் என்பது அந்த டெஸ்க்கில் உட்கார்ந்த யாருக்கும் தெரியும். ஸ்டென்ட் விலைக்கு மத்திய அரசு 2017 பிப்ரவரியில் உச்சவரம்பு போட்டது. அதுவரை லட்சத்துக்கு மேல் போன மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய்க்கு வந்தது. நல்ல காரியம். ஆனால் என் கைக்கு வந்த பில்களில், ஸ்டென்டில் குறைந்த அளவுக்கு மொத்தத் தொகை குறையவில்லை. கேத் லேப் (ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைக்கும் அறை) கட்டணமும் பில்லிலுள்ள இதரக் கட்டணங்களும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி இடத்தை நிரப்பின. ஒரு பொருளுக்கு மட்டும் விலை வைத்தால் பணம் பில்லில் பக்கத்துக் கட்டணத்துக்கு ஓடிவிடும். கம்பெனிகளும் மருத்துவமனைகளும் விலைக்காக வருடாவருடம் சண்டை போடுவது இதனால்தான். சண்டை முற்றினால் கேஷ்லெஸ் நிறுத்துகிறோம் என்று அறிவிப்பு வரும், நடுவில் மாட்டிக்கொள்வது படுக்கையில் இருப்பவர்.

சரி, மூன்றாவது கேள்வி. முதலமைச்சர் காப்பீட்டை எல்லாருக்கும் கொடுத்தால்? அந்தத் திட்டத்தின் வரலாற்றையே பாருங்கள். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியபோது அதை நடத்திய காப்பீட்டு நிறுவனம் ஸ்டார் ஹெல்த் என்ற தனியார் கம்பெனி. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமாக மாறியபோது யுனைடெட் இந்தியாவிடம் போனது. அரசு பிரீமியம் கட்டும், கம்பெனி கிளெய்ம் பார்க்கும், உள்ளே டி.பி.ஏ.க்களும் இருக்கும். 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்து, வருடத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பு என்றானது. அதாவது நீங்கள் வேண்டாம் என்கிற இயந்திரம் நீங்கள் வேண்டும் என்கிற திட்டத்துக்குள்ளேயும் ஓடுகிறது. ஆந்திரத்தின் ஆரோக்கியஸ்ரீ 2007இல் காப்பீட்டுக் கம்பெனியோடு தொடங்கி, பிறகு அரசு டிரஸ்ட் நேரடியாகப் பணம் கொடுக்கும் முறைக்கு மாறியது. ஆயுஷ்மான் பாரத்திலும் பெரும்பாலான மாநிலங்கள் டிரஸ்ட் வழியில்தான் போகின்றன. கம்பெனி இல்லாமலும் நடத்த முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் டிரஸ்டிலும் கோப்பைப் பார்க்க டாக்டர் உண்டு, க்வெரி உண்டு, மறுப்பும் உண்டு.

அரசுத் திட்டத்தில் நோயாளிக்கு ஒரு பெரிய ஆறுதல் இருக்கிறது. பழைய நோயா புதிய நோயா என்ற கேள்வியே கிடையாது, காத்திருப்புக் காலம் கிடையாது. உங்கள் அப்பாவுக்கு நடந்தது அங்கே நடக்காது. இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் கோளாறு வேறு இடத்தில் முளைக்கிறது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் அரசு ஒரு தொகுப்புக் கட்டணம் வைத்திருக்கிறது. அது கட்டுப்படியாகவில்லை என்று தனியார் மருத்துவமனைகள் சொல்கின்றன. சில இடங்களில் கார்டை எடுத்துக்கொண்டு மேலேயும் ஒரு தொகை கேட்கிறார்கள், ரசீது கிடைக்காது. இன்னும் சில இடங்கள் ‘இந்த ஆபரேஷனுக்கு இங்கே கார்டு செல்லாது’ என்று வாசலிலேயே திருப்பிவிடுகின்றன. கடிதத்தில் வரும் மறுப்புக்கு ஓம்பட்ஸ்மேன் இருக்கிறார், வாசலில் வாய்வழியாக நடக்கும் மறுப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. கட்டணம் உண்மையிலேயே கட்டுப்படியாகாத அளவா, மருத்துவமனைகள் பேரம் பேசுகின்றனவா என்றால், சிகிச்சைக்குச் சிகிச்சை பதில் மாறும். கண்புரைக்கும் சிக்கலான இதய அறுவைக்கும் ஒரே பதில் சொல்பவரை நம்பாதீர்கள்.

என் கருத்தைக் கேட்டால், தனியாரா அரசா என்ற சண்டையே கொஞ்சம் தள்ளி நடக்கிறது. பணத்தை யார் கொடுக்கிறார் என்பதை மாற்றிவிட்டு, எவ்வளவு பில் போடலாம் என்பதையும் மறுத்தால் யார் கேள்வி கேட்பது என்பதையும் அப்படியே விட்டால், அவநம்பிக்கை பெயர்ப்பலகை மாறி வேறு கட்டடத்துக்குக் குடிபோகும், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் நோயாளியின் செலவை உண்மையில் குறைத்தது எது என்று என்னைக் கேட்டால், காப்பீட்டுக்கு முன்னால் மருந்துக் கொள்முதலைச் சொல்வேன். 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை அமைத்து, மொத்தமாக டெண்டர் விட்டு மருந்து வாங்கி, அரசு மருத்துவமனைகளில் தடையில்லாமல் கிடைக்கச் செய்தார்கள். மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்ப் பின்பற்றின. அதில் கிளெய்ம் இல்லை, க்வெரி இல்லை, மறைத்தீர்களா என்ற கேள்வியும் இல்லை. காப்பீடு இதைப் போன்றவற்றுக்கு மேல் கட்டும் மாடி என்றுதான் நான் நினைக்கிறேன். நாட்டளவில் நோயாளி கைப்பணமாகச் செலவழிக்கும் பங்கு 2013-14இல் 64 சதவீதமாக இருந்து 2021-22இல் 39 சதவீதமாகக் குறைந்தது என்கிறது தேசிய சுகாதாரக் கணக்கு. கணக்குப் போட்ட முறையைப் பொருளாதார வல்லுநர்கள் சிலர் ஏற்பதில்லை. குறைந்த திசையை நம்புகிறேன், இவ்வளவு குறைந்ததா என்பதில் எனக்கும் தயக்கம் உண்டு.

தனியார் கம்பெனிகளை மூடாமலேயே செய்யக்கூடிய சீர்திருத்தம் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி இங்கே யாரும் அதிகம் பேசுவதில்லை. அமெரிக்காவில் ஒபாமா காலச் சட்டம், தனிநபர் பாலிசிகளில் வாங்கும் பிரீமியத்தில் குறைந்தது 80 சதவீதத்தைச் சிகிச்சைக்கும் தரமேம்பாட்டுக்கும் செலவழிக்க வேண்டும் என்கிறது. பெரிய குரூப்களுக்கு 85. அதற்குக் கீழே போனால் வித்தியாசத்தை வாடிக்கையாளருக்குத் திருப்பித் தர வேண்டும். நம் ஊரில் தனிநபர் பாலிசிக்கு அப்படி ஒரு கீழ்வரம்பு கிடையாது. 2023-24இல் ஆரோக்கியக் காப்பீடு மட்டும் விற்கும் தனியார் கம்பெனிகள் நூறு ரூபாய் பிரீமியத்தில் கிளெய்முக்குக் கொடுத்தது சுமார் 65 ரூபாய். அரசுக் கம்பெனிகள் நூறுக்கும் மேல் கொடுத்து நஷ்டப்பட்டன. உடனே 35 ரூபாய் லாபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கமிஷன், விளம்பரம், சம்பளம் உள்ளிட்ட நிர்வாகச் செலவுக்கு 35 சதவீதம் வரை அவர்களுக்கு அனுமதியே இருக்கிறது, பெரும் பகுதி அங்கேதான் போகிறது. அரசுக் கம்பெனிகளின் எண் உயர்ந்திருப்பதற்கும் தர்மசிந்தனை காரணம் இல்லை. அடிமாட்டு விலைக்குக் குரூப் பாலிசி எழுதுவது ஒரு காரணம். இருந்தாலும் ஒரு கீழ்வரம்பு வைத்தால், தவறாக மறுத்து மிச்சம் பிடிப்பதில் கம்பெனிக்கு லாபம் குறையும். அமெரிக்காவில் இந்த விதி வந்த பிறகும் மக்களின் கோபம் தணியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அது சர்வரோக நிவாரணி இல்லை.

ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024இல் செய்த மாற்றங்கள் நல்லவை. கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்தில் பதில், டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரத்தில் இறுதி ஒப்புதல். அதற்கு மேல் தாமதித்து மருத்துவமனை கூடுதலாகக் கேட்டால் அதைக் கம்பெனி தன் பங்குதாரர் பணத்திலிருந்து கட்டவேண்டும். தாளில் அருமையாக இருக்கிறது. டெஸ்க்கில் நடந்தது என்னவென்றால், 55ஆவது நிமிடத்தில் ஒரு க்வெரி வரும், கடிகாரம் மறுபடி சைபரில் இருந்து ஓடும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. இல்லாமல் போனதும் வரவேற்கத்தக்கதுதான், ஆனால் அது விலை சம்பந்தப்பட்டது. நம்பிக்கைக்கும் அதற்கும் தொடர்பில்லை. எனக்கு அதிகாரம் இருந்தால் ஒரே ஒரு விதி போடுவேன்: உடல்நிலை பற்றி என்ன கேட்க வேண்டுமோ பாலிசி கொடுத்த முதல் 90 நாளுக்குள் கேட்டு, சோதித்து முடித்துவிடு, அதன் பிறகு நிரூபித்த மோசடி தவிர வேறு பேச்சுக் கூடாது. பிரீமியம் ஏறும் என்பார்கள். ஏறலாம், எவ்வளவு என்பதை ஆக்சுவரிதான் சொல்லவேண்டும்.

கடைசியாக, இனி பிரீமியத்தைக் கட்டாமல் பேங்கில் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அப்பாவுக்கு வேண்டாம். ஸ்டென்ட் வைத்த 63 வயதுக்காரருக்குப் புதிய பாலிசி எளிதில் கிடைக்காது. கிடைத்தாலும் மறுபடி காத்திருப்பு. மறுப்புக் கடிதத்தோடு பாலிசியையும் ரத்து செய்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். ரத்து செய்திருந்தால் ஓம்பட்ஸ்மேன் மனுவில் பணத்தோடு பாலிசியைத் தொடர வேண்டும் என்றும் சேர்த்துக் கேளுங்கள். ரத்து செய்யவில்லை என்றால் ஒரு நாள்கூட இடைவெளி விடாமல் புதுப்பியுங்கள், 60 மாதம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது. விண்ணப்ப ஃபார்மின் நகலையும், போனில் பேசி எடுத்திருந்தால் அந்தக் குரல் பதிவையும் கம்பெனியிடம் இப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதே பாலிசியில் அம்மா பெயரும் இருந்தால், அவர் சாப்பிடும் ஒவ்வொரு மாத்திரையும் எந்த மாதத்திலிருந்து என்பதை அடுத்த புதுப்பித்தலுக்கு முன்பே மின்னஞ்சலில் தெரிவித்துவிடுங்கள். கம்பெனி பிரீமியத்தைக் கொஞ்சம் ஏற்றலாம், அந்த நோய்க்குப் புதிதாகக் காத்திருப்பும் போடலாம். அப்படி நடந்தால் எனக்கு எழுதுங்கள், அந்தக் கடிதத்தில் எதை ஏற்கலாம், எதை மறுக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.